புகைபோக்கி

வெர்லினை அடக்கம் செய்துவிட்டு வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. நடீன் விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போய் அவனுடைய துப்பாக்கியை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கு சாலட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"யாருக்கு வேணும்? எடுத்துக்கிட்டுப் போங்க. இன்னிக்கே இது இந்த வீட்டை விட்டுப் போகணும்."

சமையலறையில் இருந்தவர்கள் எல்லோரும் காகிதத் தட்டும் கையுமாக அப்படியே நின்றார்கள். புருஷனைப் புதைத்த அன்றைக்கு ஒரு பெண்பிள்ளையிடம் என்ன பேசுவது? பாஸ்டர் தன் தட்டிலிருந்த பீன்ஸைத் துருவித் துருவிப் பார்த்தார். கிளெண்டாவின் கை மட்டும் தானாக நீண்டது. குண்டு அடைக்கிற மேகசினை உருவி, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வெர்லினின் தங்கை அவள். அறுபத்திரண்டு வயதில் நாற்பத்தெட்டு வருஷம் துப்பாக்கி பிடித்த கை, சாவு வீடு என்றால் மட்டும் சும்மா இருந்துவிடுமா?

"புகைபோக்கியையா? சும்மா குடுத்தாலும் யார் வாங்குவா?" என்றான் ஹோபி. சொன்ன பிறகுதான் இன்றைக்கு என்ன நாள் என்பது அவனுக்கு உறைத்தது. "மன்னிச்சுக்க நடீன்."

ஹோபி ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன், வெர்லினின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அவன் வைத்த பெயர்தான் புகைபோக்கி. சுட்டவுடன் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே துப்பிவிட்டு, அடுத்த குண்டை உள்ளே தள்ள வேண்டும். அப்படிப் போகாமல் பாதியில் திரும்பினால் காலித் தோட்டா வாயில் சிக்கி, கூரைமேல் புகைபோக்கி நிற்கிற மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தகராறு செய்யாத துப்பாக்கி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வசந்த காலத்தில் இந்த வியாதியைப் பிடித்துக்கொண்டது.

"நல்லா நடமாடிக்கிட்டிருந்த கடைசி வருஷத்தை இந்த எழவோட மல்லுக்கட்டியே தீர்த்துட்டான்" என்றாள் நடீன். குரல் உடையவில்லை, சூடாகத்தான் இருந்தது. "ஸ்பிரிங்காம், மேகசினாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நான்தான் போஸ்ட் ஆபீசுக்கு நடந்தேன். அப்பவே டாக்டர்கிட்ட போடான்னு யாராவது சொல்லியிருந்தா? மே மாசமே வந்திருந்தா மாத்திரைய அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம், கூட நாலஞ்சு மாசம் கிடைச்சிருக்கும்னு அந்த டாக்டரம்மா சொன்னா. அக்டோபர்ல போனோம்."

"எனக்குக்கூட ஒரு சந்தேகம் இருந்துச்சு நடீன்" என்றான் ஹோபி. "என் கடையில நான் சுட்டா ஒரு தடவகூட சிக்கல. கைதான் காரணமோன்னு நெனச்சேன். மணிக்கட்டு தளந்தா எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் சிக்கும். ஆனா கிளெண்டா கையிலயே சிக்கினப்புறம் நான் என்ன பேசறது? இந்த மாவட்டத்துல அவளுக்கு மேல மணிக்கட்டு யாருக்கு இருக்கு?"

எல்லோரும் கிளெண்டாவைப் பார்த்தார்கள்.

"காப்பி தீர்ந்துபோச்சு, போடறேன்" என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜாடி நிறையக் காப்பி இருந்தது.

அவள் கையில் அது சிக்கவில்லை. சிக்க வைத்தாள். இந்த ஒரு விஷயம் இரண்டு வருஷமாகத் தொண்டையில் மாட்டிய முள்ளாகக் கிடக்கிறது. அந்த மே மாதத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் வெர்லின் அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பான். நாலைந்து மாதம். அதை அவனிடமிருந்து பிடுங்கியது தான்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். தசை கரைகிற நோய் என்று தெரிந்த பிறகு, "உன் கையிலயும் நெசமாவே சிக்குச்சா கிளெண்டா?" என்று நடீன் ஒருநாள் கேட்டபோது, "ஆமா, என் கையிலயும்தான்" என்று இரண்டாவது தடவையும் பொய் சொன்னாள்.

ஜன்னல் விளிம்பில் ஒரு நீலக் கண்ணாடி வாத்து நின்றது. கழுத்து ஒரு பக்கமாகக் கோணிப்போன வாத்து. கிளெண்டா அதை எடுத்துத் தூசியைத் துடைத்துத் திரும்ப வைத்தாள்.

வெர்லின் கண்ணாடி ஆலையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிய துப்பாக்கி அது. ஆலையில் வார்ப்பில் கெட்டுப்போன வாத்துகளைக் குப்பையில் போடுவார்கள். அவன் சனிக்கிழமை தோறும் ஒரு பெட்டி நிறைய வாங்கிவருவான். அண்ணனும் தங்கையும் ஆற்றுக்கு மேலே கைவிட்ட ஜல்லிப் பள்ளத்துக்குப் போவார்கள். இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல் ஆளுக்கு இரண்டு, ஒரு வாளி, ஒரு விளக்குமாறு. வாத்துகளை மண்மேட்டில் வரிசையாக நிறுத்திச் சுடுவது, சுட்டு முடித்ததும் கண்ணாடித் துண்டு ஒன்று விடாமல் கூட்டி அள்ளுவது, காலித் தோட்டாவை எல்லாம் பொறுக்கிக் காப்பி டப்பாவில் போடுவது. மான் வந்து மேய்கிற இடம், காலில் குத்தும் என்பான். கூட்டுவதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

"பிடிச்சுப் பாரு, கை குலுக்கற மாதிரி இருக்கும்" என்று முதல் தடவை அவளிடம் கொடுத்தபோது சொன்னான். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. பிடி உள்ளங்கையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஏழு குண்டில் ஏழு வாத்து. பதினாலு வயதுப் பெண். அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"காத்து உன் பக்கம் அடிச்சுது."

"காத்தா? துப்பாக்கிக்கா? பட்டம் விட்டுக்கிட்டிருந்தோமா நாம?"

கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, ஆலையை மூடினார்கள், வாத்து வருவது நின்று சூப் டப்பாக்கள் வந்தன. சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. அடடா, எத்தனை சனிக்கிழமைகள்! பனி கொட்டும்போதுகூடக் கையுறையில் விரல் நுனியை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மே மாதம். துப்பாக்கி தன்னை அவமானப்படுத்திவிட்டது போல வெர்லின் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். ஹோபி கடையில் நன்றாக ஓடியதாம். "கடைக்காரன் கையில எல்லாமே ஒழுங்காத்தான் ஓடும். நீ சுட்டுச் சொல்லு. உன் கையில சிக்கினா துப்பாக்கிதான் கெட்டது. சிக்கலைன்னா..." என்று நிறுத்திவிட்டான். அந்த 'சிக்கலைன்னா'வை அவன் முடிக்கவே இல்லை.

அவள் சுட்டாள். முதல் குண்டு. இரண்டாவது. எந்தக் குறையும் இல்லை, பழைய துப்பாக்கி பழைய மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். வெர்லின் கையைத் தொங்கவிட்டு நின்றான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை இல்லை, அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை. மணிக்கட்டைத் தளரவிட்டு மூன்றாவதைச் சுட்டாள். தோட்டா நட்டுக்கொண்டு நின்றது.

"சனியன்! என் கையிலயும் சிக்குது பாரு!"

வெர்லின் சிரித்தான். அத்தனை நாளில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் கோடை முழுவதும், ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் தன் மணிக்கட்டைத் தளர்த்திக்கொண்டே இருந்தாள்.

"கிளெண்டா." நடீன் பக்கத்தில் வந்து நின்றாள். "தீராத காப்பிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறியா? அத விடு. எனக்கு ஒரு வேலை செய். அவன் ரூம்ல கம்ப்யூட்டர் இருக்கில்ல. இதே துப்பாக்கி வச்சிருக்கவங்க எல்லாம் இன்டர்நெட்டுல எழுதிக்கிட்டே இருப்பாங்களே, அதுல ஐடஹோ மாநிலத்துக்காரர் ஒருத்தர் கிறிஸ்துமசுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார். அவங்களுக்குச் சொல்லணும். எனக்கு அந்தப் பொட்டியில ஒண்ணும் தெரியாது. பாஸ்வேர்டு திரைக்கு அடியில ஒட்டியிருக்கும்."

அறையில் இன்னும் துப்பாக்கி எண்ணெய் வாசனை இருந்தது. கிளெண்டா கதவைச் சாத்தினாள். மூன்று வரி எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

அவன் தொடங்கிய பக்கம் மேலேயே இருந்தது: 'நாற்பது வருஷத் துப்பாக்கிக்குத் திடீர் புகைபோக்கி வியாதி. யாருக்காவது அனுபவம் உண்டா?' கீழே ஊர் உலகமெல்லாம் யோசனை சொல்லியிருந்தது. ஸ்பிரிங்கை மாற்று, எண்ணெயைக் குறை, எண்ணெயைக் கூட்டு, குண்டு கம்பெனியை மாற்று. என்னுடையது பத்தாயிரம் குண்டு தாண்டியும் சிக்கியதில்லை என்று ஒருவர் பெருமை அடித்திருந்தார். என் மனைவியைவிட நம்பகமானது என்று எழுதிய ஒருவரை, உங்கள் மனைவி இதைப் படிப்பாளா என்று இன்னொருவர் வாரியிருந்தார். வெர்லின் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தான். கிளெண்டா புன்னகையோடு படித்துக்கொண்டே போனாள். மே பதினாலாம் தேதியில் அவள் விரல் நின்றது. அவள் சுட்ட அதே சனிக்கிழமை.

'இனி யாரும் ஸ்பிரிங் பற்றி எழுத வேண்டாம், நண்பர்களே. இன்று என் தங்கை சுட்டாள். இரண்டு குண்டு பிசிறில்லாமல் ஓடின. மூன்றாவதுக்கு முன்னால் திரும்பி என் கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மணிக்கட்டைத் தளர்த்தினாள். அவளுக்குப் பதினாலு வயதிலிருந்து அந்த மணிக்கட்டை நான் பார்க்கிறேன், அது தானாகத் தளராது. என் கையிலயும் சிக்குது என்று கத்தினாள். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. என் தங்கை நல்லவள், ஆனால் நடிக்கத் தெரியாதவள்.

டாக்டரிடம் போவேன். இப்போது இல்லை. ஆகஸ்டில் என் மனைவியைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். டாக்டர் வாயிலிருந்து ஒரு நோயின் பெயர் வந்துவிட்டால், அந்தப் பெயரும் எங்களோடு கடலுக்குக் கிளம்பிவிடும். தங்கை எனக்கு ஒரு கோடையைக் கொடுத்திருக்கிறாள். நான் வாங்கிக்கொண்டேன்.'

அதற்குக் கீழே ஐடஹோக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'சரி. சனிக்கிழமை எப்படிப் போயிற்று என்று மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள்.' அதன் பிறகு ஸ்பிரிங் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். 'இன்று எனக்கு நாலு புகைபோக்கி, அவளுக்கு மூன்று.' 'நடிப்பு தேறிவருகிறது. இன்று திட்டும்போது மண்ணைக் காலால்கூட உதைத்தாள்.' 'மனைவிக்குச் சந்தேகம் வராமல் இருக்க இன்னொரு ஸ்பிரிங் வரவழைத்தேன். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.' ஆகஸ்டில் ஒன்று: 'கடல் பார்த்தோம். நடீனின் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தாள். துப்பாக்கி பற்றிச் செய்தி இல்லை.'

கிளெண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. படுபாவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறான். அத்தனை சனிக்கிழமையும் அவள் அவனுக்காக நடித்தாள், அவன் அவளுக்காக நடித்தான்!

நிமிர்ந்தாள். இப்போது மூன்று வரி எழுதிவிட்டுப் பெட்டியை மூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நடீன் இதைத் திறக்கவே மாட்டாள். துப்பாக்கி கெட்டது, டாக்டரிடம் போக யாருக்கும் தோன்றவில்லை, விதி என்று அவள் காலத்தைத் தள்ளிவிடுவாள். உண்மையைச் சொன்னாலோ, இந்த வீட்டு வாசல் இனித் தனக்குத் திறக்காமல் போகலாம். நாற்பத்தொரு வருஷமாகக் கூடப்பிறந்தவளாகவே ஆகிவிட்ட அண்ணி. வெர்லினும் போன பிறகு கிளெண்டாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அந்தச் செருப்பு விஷயம் நடீனுடையது. அதைத் தான் மட்டும் படித்துவிட்டு மூடி வைக்கக் கிளெண்டாவுக்கு மனம் வரவில்லை.

கதவைத் திறந்து, "நடீன், இங்க வா" என்றாள். "உக்காரு. மொதல்ல நான் சொல்லறதக் கேளு. அப்புறம் திட்டு. என் கையில அந்தத் துப்பாக்கி சிக்கவே இல்ல."

"என்னடி சொல்ற?"

"வேணும்னேதான் சிக்க வச்சேன். அவன் கையப் பாத்தேன், பயந்துட்டேன். உன்கிட்டயும் பொய்தான் சொன்னேன்."

நடீன் நின்றுகொண்டே இருந்தாள். கிளெண்டா திரையில் இருந்ததைப் படித்தாள். மே பதினாலிலிருந்து ஆகஸ்ட் வரை, ஒரு வரி விடாமல். ஹாலில் யாரோ தட்டைக் கீழே போட்டு மன்னிப்புக் கேட்கிற சத்தம் வந்தது.

படித்து முடித்தபோது நடீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ பொய் சொன்ன."

"ஆமா."

"அவனும் சொன்னான்."

"ஆமா."

"யாரோ ஐடஹோக்காரனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி போஸ்ட் ஆபீசுக்கு நடந்திருக்கேன்."

நடீன் குனிந்து தன் காலைப் பார்த்தாள். கறுப்புச் செருப்பு, இன்றைக்காக யாரிடமோ இரவல் வாங்கியது.

"பிரிக்காத பொட்டலம் எங்க?" என்றாள் திடீரென்று.

மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது, குண்டுப் பெட்டிக்குப் பின்னால். ஒட்டுத்தாள்கூடக் கிழியாமல். நடீன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள். குண்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"வண்டிய எடு."

"இப்பவா? வீடு நெறய ஆளு..."

"ஹோபி பாத்துக்குவான். தின்னுக்கிட்டுத்தான இருக்காங்க? வண்டிய எடுன்னா எடு."

போகிற போக்கில் நடீன் மேசையிலிருந்து துப்பாக்கியையும், ஜன்னலிலிருந்து வாத்தையும் எடுத்துக்கொண்டாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அவள் முகம் இருந்த இருப்பில் பாஸ்டரே வழிவிட்டு நின்றார்.

ஜல்லிப் பள்ளத்தில் மார்ச் மாத வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கிளெண்டா வாத்தை மண்மேட்டில் நிறுத்தினாள். ஏழு குண்டு போட்டு மேகசினைச் செருகி, எங்கே நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், விரல் எப்போது விசைக்குப் போக வேண்டும் என்று சொன்னாள். சாவுக்குப் போட்ட கறுப்பு உடுப்போடு நடீன் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் உயிரோடு இருந்த அத்தனை வருஷமும் அவள் அதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

சுட்டாள். சத்தத்தில் தோள் குலுங்கியது. தோட்டா நட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தியா? என் கையிலயும் சிக்குது" என்றாள். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே கேட்டது. வாய் கோணியது. மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. துப்பாக்கியைக் கீழே சாய்த்துப் பிடித்தபடி அழுதாள்.

கிளெண்டா அதை வாங்கி, தோட்டாவைத் தட்டிவிட்டு, அடுத்த குண்டை ஏற்றித் திரும்ப அவள் கையிலேயே வைத்தாள். பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தாள்.

"துப்பாக்கி மேல தப்பில்ல நடீன். இறுக்கிக்க. நான் பிடிச்சிருக்கேன்."

ஆறு குண்டு மிச்சம் இருந்தது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஆறும் ஓடின. தோட்டாக்கள் வலது பக்கம் பறந்து புல்லில் விழுந்தன. கடைசியில் ஸ்லைடு பின்னால் போய் அங்கேயே நின்றுகொண்டது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. காலி."

நடீன் கையை இறக்கவில்லை. கிளெண்டாவும் பிடியை விடவில்லை. வண்டியில் வாளியும் விளக்குமாறும் இருந்தன, ஆனால் கூட்ட எதுவும் இல்லை. ஏழில் ஒன்றுகூடப் படாத நீல வாத்து, கோணல் கழுத்தோடு மண்மேட்டில் நின்றுகொண்டிருந்தது.